பேரிடர்த் திட்டத்தை அண்டை நாட்டோடு சேர்ந்து வகுப்பதால் கரையோரத்தாருக்கு என்ன பயன்? (விவாத இழை)

வாசகர் ஒருவரின் கேள்வி, 2 டிசம்பர் 2024

"ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு 'மண்டல ஒத்துழைப்பு', 'கூட்டுத் திட்டமிடல்' என்ற சொற்கள் மறுபடியும் நாளிதழ்களில் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. என் கருத்தில் இவையெல்லாம் மாநாடும் குழுப்படமும்தான். ஊருக்குள் தண்ணீர் புகுந்தால் வருபவர்கள் கிராம நிர்வாக அலுவலரும் தீயணைப்பு வீரர்களும். கொழும்பிலிருந்தோ டாக்காவிலிருந்தோ எவரும் வரப்போவதில்லை. இதனால் கரையில் வாழ்பவருக்கு உண்மையில் பயன் உண்டா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்லட்டும்."

3 டிசம்பர் 2024, இரவு

பயன் உண்டு. ஆனால் தாங்கள் கேலி செய்யும் இடத்தில் அது இல்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நான் நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடலோரக் கிராமம் ஒன்றில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கிராமப் பேரிடர்க் குழுவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் குலுங்கியபோது எங்கள் ஊரில் பலர் அதை உணரவே இல்லை. அலை வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரத்தில் நான் சந்தையில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பே இலங்கையின் கிழக்குக் கரையில் கடல் ஏறிவிட்டது. அங்கேயும் தொலைபேசி இருந்தது, இங்கேயும் இருந்தது. யார் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிய தாள் மட்டும் இரு கரையிலும் இல்லை. பசிபிக் கடலுக்கு அப்போதே எச்சரிக்கை அமைப்பு இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஏறத்தாழ 14 நாடுகளில் இரண்டே கால் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூட்டுத் திட்டம் என்று நான் சொல்வது, அந்த அரை மணி நேரத்தை வீணாக்காத ஒரு தாளைத்தான்.

4 டிசம்பர் 2024, காலை

ஒரு திருத்தம். நேற்று மூன்று மணி நேரம் என்று எழுதியது தவறு. இந்திய நேரப்படி காலை 6.29க்கு நிலநடுக்கம் தொடங்கியது. எங்கள் பகுதியில் அலை ஏறியது ஏறத்தாழ 9 மணிக்கு. ஆகவே இரண்டரை மணி நேரம். இருபது ஆண்டுகளாக நான் மூன்று என்றே வகுப்பில் சொல்லிவந்திருக்கிறேன் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

4 டிசம்பர் 2024, மாலை

எச்சரிக்கை மட்டும் இருந்தால் போதுமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போதாது என்பதற்கு எங்களுக்கு நான்கே நாளில் சான்று கிடைத்தது. 2004 டிசம்பர் 30 அன்று மீண்டும் பேரலை வரக்கூடும் என்ற அறிவிப்பு மேலிருந்து வந்தது. உடல்களை அடக்கம் செய்துகொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்; நிவாரண லாரிகள் பாதி வழியில் திரும்பின. அலை வரவில்லை. அந்த அறிவிப்பை எந்த அளவீட்டைக் கொண்டு சரிபார்த்தார்கள் என்று கேட்க எங்களுக்கு ஆள் இல்லை. அடுத்த சில ஆண்டுகள் எங்கள் ஊரில் 'முப்பதாம் தேதி சேதி' என்பது வதந்திக்கு மறுபெயராக வழங்கியது.

2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகல் நிலைமை வேறு. அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் சுனாமி மையத்தின் அறிவிப்பு சில நிமிடங்களில் வந்துவிட்டது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்றும் இந்தியப் பெருங்கடல் நாடுகள் அனைத்துக்கும் சுனாமித் தகவல் அளிக்கும் பொறுப்பை ஏற்றிருந்தன. கடல்மட்ட அளவிகளின் தரவு நாடுகளுக்கிடையே தடையின்றி ஓடியது. புவித்தட்டுகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை என்பதையும் அந்தத் தரவே உறுதி செய்தது; எச்சரிக்கை மாலைக்குள் திரும்பப் பெறப்பட்டது. நாங்கள் பள்ளி மாடியில் நின்றோம். எவரும் அதை 'முப்பதாம் தேதி சேதி' என்று சொல்லவில்லை.

6 டிசம்பர் 2024

புயலுக்குப் பெயர் வைப்பதுதான் பெரிய ஒத்துழைப்பா என்று ஒருவர் கேலியாக எழுதியிருக்கிறார். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தேன். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் எழும் புயல்களுக்குப் பெயரிடும் குழுவில் இப்போது 13 நாடுகள் உள்ளன. 2020இல் ஒவ்வொரு நாடும் 13 பெயர்கள் கொடுத்து 169 பெயர்கள் கொண்ட பட்டியல் வெளியானது. நிவர் ஈரான் கொடுத்தது, புரெவி மாலத்தீவு, மாண்டஸ் ஐக்கிய அரபு அமீரகம், மிக்ஜாம் மியான்மர், இப்போதைய ஃபெஞ்சல் சவூதி அரேபியா. 2018இல் எங்களைப் புரட்டிப்போட்ட கஜா மட்டும் நம் நாடு கொடுத்த பெயர்.

பெயரில் அரசியலும் நுழையும். 2013இல் இலங்கை கொடுத்திருந்த 'மகாசேன்' என்ற பெயர், குளங்கள் வெட்டிய அரசன் ஒருவனுடையது. அவனை அழிவோடு சேர்த்துப் பேசலாமா என்று அங்கேயே எதிர்ப்புக் கிளம்ப, பின்னர் 'வியாரு' என்று பெயர் மாறியது. எந்தப் பெயரில் அழைத்தாலும் அது வங்கதேசத்தில்தான் கரையேறியது என்பது வேறு கதை.

7 டிசம்பர் 2024

கஜா இந்தியா கொடுத்த பெயர் அன்று, இலங்கை கொடுத்தது. சுட்டிக்காட்டிய மூவருக்கும் நன்றி. யானை என்று பொருள் தருவதால் நம்முடையதாகத்தான் இருக்கும் என்று ஆறு ஆண்டுகளாக நம்பியிருந்தேன். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே எங்கள் தென்னைகளை வேரோடு சாய்த்த புயலை அடுத்த கரைக்காரர்கள் வைத்த பெயரால் அழைத்து, அது எங்கள் சொல்லென்றே எண்ணி வந்திருக்கிறேன்.

'ஃபெங்கல்' என்பதா 'ஃபெஞ்சல்' என்பதா என்ற சண்டையை இந்த இழையில் தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மழை இரண்டு எழுத்துக்கூட்டலிலும் ஒரே அளவுதான் பெய்தது.

12 டிசம்பர் 2024

வங்கதேசத்தைப் பற்றிக் கேட்டவருக்குச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

1970 நவம்பர் 12 அன்று இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கழிமுகத்தில் ஏறிய போலா புயலில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் இறந்தார்கள். வங்கக் கடலில் புயல் இருப்பது செயற்கைக்கோள் படத்தில் தெரிந்திருந்தும், அந்தத் தகவல் தீவுகளில் இருந்தவர்களின் காதுக்குப் பொருள் தரும் வகையில் போய்ச் சேரவில்லை. நான் மேலே குறிப்பிட்ட பெயர் வைக்கும் குழு உண்மையில் அந்தச் சாவுகளிலிருந்து பிறந்தது. உலக வானிலை அமைப்பும் ஆசிய பசிபிக் பகுதிக்கான ஐக்கிய நாடுகள் ஆணையமும் சேர்ந்து 1972இல் அதை அமைத்தன. பெயர் வைப்பது 2004இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளும் அந்தக் குழு செய்துவந்தது, அளவீடுகளைப் பகிர்வதும் முன்கணிப்பாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் போன்ற, செய்தியில் வராத வேலை.

வங்கதேசம் அதே காலத்தில் செம்பிறைச் சங்கத்தோடு (அன்று செஞ்சிலுவைச் சங்கம்) சேர்ந்து தன்னார்வலர் படையொன்றை உருவாக்கியது. கொடியும் கைஒலிபெருக்கியும் ஏந்தி வீடுவீடாகச் செல்லும் அந்தத் தன்னார்வலர்கள் இன்று எழுபதாயிரத்துக்கும் மேல். 1991இல் இன்னொரு பெரும்புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தார்கள்; அதன்பின் புகலிடக் கட்டடங்கள் பெருகின. 2007இல் சித்ர் வந்தபோது இறப்பு மூவாயிரத்து சொச்சம். அதுவும் பெருந்துயரமே, ஆனால் முந்தைய எண்களை வைத்துப் பார்க்க வேண்டும்.

இதை எழுதி முடித்தபின் ஒரு மறுயோசனை வந்தது. இந்த வீழ்ச்சிக்குக் காரணம் புகலிடமும் தன்னார்வலரும்தான், நாடுகளின் குழு அன்று என்று கேள்வி கேட்டவர் வாதிடுவார். பெரும்பகுதி அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த நாளில் கொடியை ஏற்ற வேண்டும் என்று அந்தத் தன்னார்வலருக்குச் சொல்வது, தன் நாட்டு எல்லைக்குள் மட்டும் வானத்தைப் பார்க்கும் ஒருவரால் முடியாத வேலை. வங்கக் கடலின் புயல் பலவேளை அந்தமானுக்கு அருகே கருக்கொள்கிறது. அதன் கர்ப்ப காலத்தை வேறு எவரோதான் பார்க்கிறார்கள்.

15 டிசம்பர் 2024

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இத்தனை நாளாக எச்சரிக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எச்சரிக்கையைப் பகிர இந்தப் பகுதியின் நாடுகள் கற்றுக்கொண்டுவிட்டன. திட்டத்தைப் பகிர இன்னும் கற்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தொண்டு நிறுவனம் ஒன்று தாய்லாந்தில் நடத்திய பயிற்சிக்குப் போயிருந்தேன். நான்கு நாள் பயிற்சி. காப்பி இடைவேளைகளையும் கணக்கிட்டால் இரண்டரை நாள். அங்கே முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த, என்னைப் போலவே ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். ஒவ்வொருவரும் தம் கிராமத் திட்டத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லாருடைய திட்டத்தையும் ஆங்கிலத்தில் சுருக்கிச் சொன்னார்கள். அவருடையதையும் என்னுடையதையும் நாங்கள் மாற்றிக்கொண்டு முழுதாகப் படித்தோம், ஏனென்றால் இரண்டும் தமிழில் இருந்தன.

இரண்டு திட்டங்களும் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு சட்டங்களின் பிள்ளைகள். இந்தியாவின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் 2005, இலங்கையின் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் 2005. இரண்டுமே அதே அலைக்குப் பின் எழுதப்பட்டவை. இரண்டிலும் வரைபடம் இருந்தது. என் வரைபடத்தில் கிழக்கே கடல் என்று எழுதி நீல வண்ணம் தீட்டியிருந்தோம். அவர் வரைபடத்திலும் கடல் என்று எழுதி நீல வண்ணம். அவர் ஊர் என் நீலத்துக்குள்ளே இருந்தது, என் ஊர் அவர் நீலத்துக்குள்ளே. எங்கள் படகு ஒன்று புயலில் திசைமாறி அந்தக் கரையில் ஒதுங்கினால் ஆட்கள் உயிரோடு இருப்பதை யார் யாருக்கு அறிவிப்பார் என்பது இரண்டு திட்டங்களிலும் இல்லை. எங்கள் தாளில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, அவர்கள் தாளில் 117. இரண்டும் 1இல் தொடங்கி 7இல் முடிகின்றன என்று சிரித்தோம். சிரித்தபின் இருவரும் அடுத்தவர் எண்ணைக் குறித்துக்கொண்டோம்.

2015இல் ஜப்பானின் செண்டாய் நகரில் நாடுகள் ஏற்றுக்கொண்ட சட்டகம், 2020க்குள் தேசிய அளவிலும் உள்ளூர் அளவிலும் திட்டம் வகுத்த நாடுகளின் எண்ணிக்கையைக் கணிசமாக உயர்த்த வேண்டும் என்றது. எண்ணிக்கை உயர்ந்திருக்கும். ஒரே கடலைப் பார்த்திருக்கும் இரண்டு உள்ளூர்த் திட்டங்களை அருகருகே வைத்துப் படிப்பது அந்தக் கணக்கில் எந்தக் கட்டத்தில் வரும் என்பதுதான் என் கேள்வி.

16 டிசம்பர் 2024

'ஒரே மொழி என்றால் புரிந்துகொள்வதில் சிக்கலே இருந்திருக்காதே' என்கிறார் ஒருவர். சிக்கல் இருந்தது. நாம் புயல் என்பது அவர்கள் தாளில் சூறாவளி. நம் 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' அங்கே 'ஆழமான தாழமுக்கம்'. இதில் அவர்களுக்கு மூச்சு மிச்சம். நம் வானிலை ஆய்வு மையம் அங்கே வளிமண்டலவியல் திணைக்களம். நம் கிராம நிர்வாக அலுவலர் அங்கே கிராம அலுவலர். பழையவர்கள் கிராம சேவகர் என்பார்கள்.

இவை வேடிக்கையான வேறுபாடுகள். வேடிக்கையில்லாத ஒன்றும் உண்டு. எங்கள் தாளில் 'மக்களை இடம்பெயரச் செய்து முகாமில் தங்கவைத்தல்' என்று ஒரு தலைப்பு இருந்தது. நண்பர் அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட சனத்திட்ட இந்த ரெண்டு சொல்லையும் ஒண்டாச் சொல்லிப்போட்டு வீட்டை விட்டு வாங்கோ எண்டால் ஒருத்தரும் வரமாட்டினம், சேர்" என்றார். போர் தின்ற சொற்கள் அவை. அவர்கள் தாளில் 'பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுதல்' என்று மட்டும் இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் எங்கள் தாளையும் நான் அப்படியே மாற்றினேன். எங்களுக்கு அந்தக் காயம் இல்லை என்றாலும், முகாம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் 2005இன் தகரக் கொட்டகை வெயில்தான் நினைவுக்கு வருகிறது.

அலுவலகச் சொற்கள் இப்படிப் பிரிந்துகிடக்க, கடலில் போகிறவர்களின் சொற்கள் பிரியவே இல்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று அவர் சொன்ன காற்றுகள் எங்கள் பாட்டன்மார் சொன்ன அதே காற்றுகள்.

சொல்லின் வலிமைக்கு இன்னொரு சான்று. சுமத்ராவுக்கு மேற்கே சிமெலூ என்ற தீவு 2004 நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அங்கே 1907இல் ஒரு பேரலை வந்திருந்தது. அதை 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004இல் நிலம் பலமாக அதிர்ந்ததும், அந்தச் சொல்லைக் கூவிக்கொண்டு எல்லாரும் மேட்டுக்கு ஓடினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். எங்கள் ஊரில் அன்று 'கடல் வருது' என்று கத்தினார்கள். அதைக் கேட்டவர்களில் சிலர் எதற்கென்று பார்க்கக் கரைக்கே போனார்கள்.

19 டிசம்பர் 2024

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் பற்றிக் கேட்கிறார்கள். சுருக்கமாகவே சொல்லலாம். பேரிடர் மையம் ஒன்றை 2006இல் புதுதில்லியில் அமைத்தார்கள். பின்னர் அது காந்திநகருக்கு மாறியது. விரைவு உதவிக்கான உடன்படிக்கை 2011இல் மாலத்தீவில் கையெழுத்தாகி, நடைமுறைக்கு வந்தது 2016இல். 'விரைவு' என்பதைத் தலைப்பிலிருந்து எடுத்திருக்கலாம். 2014க்குப் பிறகு அந்த அமைப்பின் உச்சிமாநாடே நடக்கவில்லை. வங்கக் கடலைச் சுற்றிய நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பு 2017இல் தில்லியிலும் 2020இல் ஒடிசாவிலும் கூட்டு ஒத்திகை நடத்தியது. அது நல்ல தொடக்கம்.

தென்கிழக்கு ஆசிய நாடுகள் 2005இல் சட்டப்படி பிணைக்கும் உடன்படிக்கையே செய்துகொண்டன. 2011இல் ஜகார்த்தாவில் ஒருங்கிணைப்பு மையமும் எழுந்தது. 2008இல் நர்கிஸ் புயல் மியான்மரில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றபின், வெளி உதவியை உள்ளே விடத் தயங்கிய அரசை ஓரளவு இணங்கவைத்தது அந்த அண்டை நாட்டுக் கூட்டமைப்புதான். வெளியார் சொன்னால் கேட்காத வீட்டுக்காரர், அடுத்த வீட்டுக்காரர் சொன்னால் கதவைப் பாதியாவது திறக்கிறார்.

23 டிசம்பர் 2024

நேற்றோடு தனுஷ்கோடி அழிந்து அறுபது ஆண்டுகள். பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டதை எல்லாரும் எழுதுகிறார்கள். அதே புயல் முதலில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து அங்கேயும் உயிர்களைப் பறித்த பிறகே பாக் நீரிணைக்குள் இறங்கியது என்பதை நம் பக்கத்தில் எவரும் நினைவுகூர்வதில்லை. 1978இல் மட்டக்களப்பைச் சிதைத்த புயலும் அப்படியே தீவைத் தாண்டி நம் கரைக்கு வந்தது. இந்த ஆண்டு ஃபெஞ்சலும், பெயர் பெறுவதற்கு முன்பே, அம்பாறைப் பக்கத்தை வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டுத்தான் புதுச்சேரிக்கு வந்தது. அவர்களுக்கு நேற்று நடந்தது நமக்கு நாளை நடக்கப்போவது. எந்தப் பாலம் முதலில் உடைந்தது, எந்தப் புகலிடத்தில் தண்ணீர் ஏறியது என்று அவர்களிடம் அன்றிரவே கேட்கும் வழக்கம் நம் மாவட்டத் திட்டத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

26 டிசம்பர் 2024

இன்று எழுதப்போவதில்லை. காலையில் நினைவிடத்துக்குப் போய்வந்தேன்.

4 ஜனவரி 2025

'மீனவர் கைதும் படகுப் பறிமுதலும் ஓயாத கடலில் திட்டத்தைப் பகிர்வதாவது!' என்ற கேள்விக்கு ஒரு வாரமாக விடை தேடிக்கொண்டிருந்தேன். உண்மையில் இதுதான் இந்த இழையின் கனமான எதிர்வாதம். எங்கள் இழுவைமடிப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதாக நண்பரின் ஊரார் குமுறுவதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் சிறைக்குப் போய்வந்தவர்களின் வீடுகளும் உண்டு. அவர் தாளை எங்கள் குழுவில் காட்டியபோது ஒரு உறுப்பினர் அதைத் தொடவே மறுத்தார்.

15ஆம் தேதிக் குறிப்பில், திட்டத்தைப் பகிர நாடுகள் கற்கவில்லை என்று அதிகாரிகளின் அசட்டை போல எழுதிவிட்டேன். அசட்டை மட்டும் காரணமன்று. கோபமும் அச்சமும் இருக்கின்றன. கட்டடங்கள், தொடர்பு எண்கள், படகு நிற்கும் இடங்கள் எல்லாம் உள்ள ஆவணத்தை எந்த அரசும் அப்படியே கொடுத்துவிடாது. கொடுக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஒரு பக்கம் போதும்: சொற்பட்டியல், இரண்டு கட்டுப்பாட்டு அறை எண்கள், ஒதுங்கிய படகைப் பற்றிச் சேதி சொல்லும் முறை. கடலெல்லைத் தகராறு தீரும்வரை காத்திருக்க வேண்டிய எதுவும் அதில் இல்லை.

12 ஜனவரி 2025

அந்த ஒரு பக்கத்தை எங்கள் குழுவில் நேற்று வைத்தேன். தொடவே மறுத்த உறுப்பினர் சொற்பட்டியலை மட்டும் வாங்கிப் படித்தார். 'சோழகம்' என்ற வரியில் நிறுத்தி, அது எந்த மாதத்தில் எழும் என்று அவர்கள் எழுதியிருப்பது சரிதான் என்றார். எண்களைச் சுவரில் எழுத மாவட்ட அளவில் ஒப்புதல் வேண்டுமென்று செயலாளர் சொல்லிவிட்டார். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு கடிதம் எழுதுவதாக முடிவு.

அதே பக்கத்தை நண்பருக்கும் அனுப்பியிருந்தேன். இன்று காலை திருப்பி அனுப்பியிருக்கிறார். தாழமுக்கம் என்பதை நான் 'தாழ்முக்கம்' என்று எழுதியிருந்தேனாம். சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் பத்துக்கு எட்டு என்று மதிப்பெண்ணும் இட்டிருக்கிறார்.